1966: கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த வருடம்

பிரான்சில் மோன் பிளாங் மலைச்சரிவில் போசோன் என்று ஒரு பனியாறு இருக்கிறது. 2020 ஜூலையில் அங்கே பனி உருகிய இடத்தில் கொஞ்சம் இந்தியச் செய்தித்தாள்கள் வெளியே வந்தன. நேஷனல் ஹெரால்டு, எகனாமிக் டைம்ஸ் என்று சுமார் ஒரு டஜன். ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலும், காயவைத்துப் பிரித்தால் எழுத்து தெரிந்தது. முதல் பக்கத்தில், இந்தியாவுக்கு முதல் பெண் பிரதமர் வருகிறார் என்ற செய்தி. 54 வருடம் பனிக்குள் கிடந்த பேப்பர்.

அந்தப் பேப்பர் கட்டு போன விமானம் ஏர் இந்தியாவின் போயிங் 707. பெயர் காஞ்சன்ஜங்கா. பம்பாயில் கிளம்பி டெல்லி, பெய்ரூட் வழியாக ஜெனீவாவில் இறங்க வேண்டியது, 1966 ஜனவரி 24 காலையில் மோன் பிளாங்கில் மோதியது. 117 பேர் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் இந்திய அணுசக்தித் துறையை உருவாக்கிய ஹோமி பாபா. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே ஜனவரி 24 அன்றுதான் டெல்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். பேப்பரில் இருந்த செய்தி நிஜமாகிக்கொண்டிருந்த நாளில் பேப்பர் பனிக்குள் போய்விட்டது.

நாம் 1966-ஐ அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 62 என்றால் சீனப் போர். 65 என்றால் பாகிஸ்தான் போர், நமக்கு இந்தி எதிர்ப்புப் போராட்டம். 67 என்றால் தி.மு.க. ஆட்சி. நடுவில் உள்ள இந்த ஒரு வருடம் மட்டும் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிவிடும். ஆனால் மாதவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்: ஒரு பிரதமர் மரணம், இன்னொருவர் பதவியேற்பு, ரூபாய் மதிப்புக் குறைப்பு, சொந்த நாட்டு ஊர் ஒன்றின்மீதே விமானப்படை குண்டு, புது மாநிலம், நாடாளுமன்ற வாசலில் துப்பாக்கிச்சூடு. தனித்தனிச் சம்பவங்கள்தாம். ஆனால் முக்கால்வாசியின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். சாப்பாடு இல்லை, அதை வாங்க டாலரும் இல்லை.

வருடம் பிறந்ததே தாஷ்கண்டில் என்று சொல்லலாம். 1965 போருக்குப் பிறகு சோவியத் பிரதமர் கோசிகின் நடுவில் உட்கார்ந்து லால் பகதூர் சாஸ்திரியையும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானையும் பேசவைத்தார். ஜனவரி 10 அன்று உடன்பாடு கையெழுத்தானது. இரு படைகளும் பிப்ரவரி 25-க்குள் 1965 ஆகஸ்ட் 5-க்கு முன்பிருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது சாரம். ராணுவம் ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள் என்ற கவலை சாஸ்திரிக்கு இருந்தது. அன்று நள்ளிரவு தாண்டி, ஜனவரி 11 அதிகாலையில் அவர் இறந்துபோனார். மாரடைப்பு என்று அறிவித்தார்கள். உடற்கூறு ஆய்வு சோவியத்திலும் நடக்கவில்லை, இங்கேயும் நடக்கவில்லை. இத்தனை வருடமாக அந்த மரணத்தைச் சுற்றிக் கதைகள் வளர்ந்துகொண்டே இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யாரோ கொன்றார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை, ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கக் கூடிய ஒரே வேலையை யாரும் செய்யவில்லை. அப்புறம் எப்படிப் பேச்சு அடங்கும்? முந்தைய வாரம்வரை எதிரியாக இருந்த அயூப் கான் சாஸ்திரியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து நடக்கும் படம் இன்றும் கிடைக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் அரசியல் மறந்துபோகும்.

வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டவர் சாஸ்திரி. போரின்போது அமெரிக்காவைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டது. திங்கட்கிழமை இரவு பல ஊர்களில் ஓட்டல்களே மூடியிருக்கும். ஒரு பிரதமர் இப்படிக் கேட்க வேண்டிய நிலை இருந்தது என்பதும், கேட்டபோது ஜனங்கள் செய்தார்கள் என்பதும் இரண்டுமே அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

அடுத்து யார்? குல்சாரிலால் நந்தா 13 நாள் தற்காலிகப் பிரதமர். நேரு இறந்தபோதும் அவருக்கு அதே 13 நாள்தான். முடிவெடுக்க வேண்டியவர் காங்கிரஸ் தலைவர் காமராஜ். அவரையே பிரதமராகச் சொன்னார்கள் என்றும், இந்தியும் வராது ஆங்கிலமும் சரளமாக வராது, நான் எப்படி என்று மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை, போட்டி வேண்டும் என்று நின்றார். ஜனவரி 19 அன்று காங்கிரஸ் எம்.பி.க்கள் வாக்களித்தார்கள். இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. அதுல்ய கோஷ், நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி, எஸ்.கே. பாட்டீல் என்று மாநிலப் பெருந்தலைகள் எல்லாம் காமராஜ் பக்கம் நின்றார்கள். நேருவின் மகள், 48 வயது, சொல்பேச்சுக் கேட்பார் என்பது கணக்கு. சோசலிஸ்ட் தலைவர் லோகியாவோ அவரை 'ஊமைப் பொம்மை' என்றே கேலி செய்தார். மூன்று வருடத்தில் கட்சியையே இரண்டாக உடைத்து அந்தப் பெருந்தலைகளை வெளியே நிறுத்தப்போகிறவர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

பாபாவின் இடத்துக்கு விக்ரம் சாராபாய் வந்தார் என்பதோடு அதை விட்டுவிடலாம். விமான விபத்திலும் சதிக்கதை உண்டு. விமானத்தின் திசைகாட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, தரையிலிருந்து சொன்னதை விமானி வேறுவிதமாகப் புரிந்துகொண்டார், மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இறக்கினார் என்பது விசாரணையில் வந்தது. எனக்கு அது போதும்.

சரி, சோற்றுக்கு வருவோம்.

1964-65-இல் நாட்டின் தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருடம் பருவமழை பொய்த்தது, விளைச்சல் 7.2 கோடி டன்னாக விழுந்தது. ஒரே வருடத்தில் 1.7 கோடி டன் குறைவு. 1966-இலும் மழை பெரிதாகப் பெய்யவில்லை, பீகாரில் நிலைமை பஞ்சத்தில் போய் முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. அமெரிக்கா தன் கோதுமை விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இந்தியாவுக்கே அனுப்பியது என்றால் அளவு புரியும். கப்பல் துறைமுகத்தில் நின்றதும் மூட்டை ரயிலேறும், ரயிலிலிருந்து நேரே ரேஷன் கடை, அங்கிருந்து அடுப்பு. சேமித்துவைக்க எதுவும் மிஞ்சாது. ஒரு கப்பல் தாமதமானால் ஏதோ ஒரு ஊரில் உலை வைப்பது தள்ளிப்போகும்.

இந்தக் கோதுமை வந்தது பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ். இதில் பலருக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று உண்டு: இது இனாமும் இல்லை, டாலரில் வாங்கியதும் இல்லை. இந்தியா ரூபாயில் பணம் கட்டும், அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேரும், அவர்கள் அதை இங்கேயே செலவு செய்துகொள்ள வேண்டும். சேர்ந்து சேர்ந்து அது மலையாகிவிட்டது. 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தார். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது, இல்லையா? சிக்கல் வேறு இடத்தில். கப்பலை அனுப்புவதா வேண்டாமா என்பது ஒரு மனிதர் கையில் இருந்தது.

அந்த மனிதர் அதிபர் லிண்டன் ஜான்சன். வருடக்கணக்கில் ஒப்பந்தம் போடுவதை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் அளந்து கொடுக்க ஆரம்பித்தார். எவ்வளவு, எப்போது என்று தானே பார்த்து ஒப்புதல் தந்தார். இந்தியாவில் மழை எங்கே பெய்தது, எங்கே பெய்யவில்லை என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். அவர் தரப்பு நியாயம், நீங்கள் ஆலைகளுக்குக் கொட்டும் பணத்தை விவசாயத்துக்குத் திருப்புங்கள் என்பது. அது தவறான அறிவுரை என்று சொல்லமாட்டேன். ஆனால் பசித்தவன் வாசலில் நிற்கும்போது உபதேசம் செய்துகொண்டே படியளப்பது எப்படி இருக்கும் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் கடைசியில் இந்திரா வாஷிங்டன் போனார். வரவேற்பு அமர்க்களமாக இருந்தது, கோதுமைக்கும் உதவிக்கும் வாக்குறுதி கிடைத்தது. ஜூலையில் மாஸ்கோ போய், வியட்நாம் விஷயத்தில் அமெரிக்காவைச் சாடும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சனுக்கு எரிச்சல், கப்பல்கள் இன்னும் மெதுவாக வந்தன. கைகட்டி நின்று வாங்கிய அனுபவம் இந்திராவுக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், பின்னால் அவர் எடுத்த பல முடிவுகளில் அது தெரிகிறது.

உள்நாட்டிலும் விஷயம் சிக்கலாக இருந்தது. தானியத்தை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை. மண்டலம் பிரித்து வைத்திருந்தார்கள். நெல் மிஞ்சிய மாநிலம் தன்னிடம் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பற்றாக்குறை மாநிலம் மத்திய அரசைப் பார்த்துக் கையேந்தும். கேரளத்தில் ரேஷன் அரிசியைக் குறைத்ததும் தெருவில் இறங்கினார்கள். மேற்கு வங்கத்தில் பிப்ரவரியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டுக் கிளம்பிய கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டதில் ஒரு பள்ளி மாணவன் செத்தான், போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. மார்ச் 25 அன்று, அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த பஸ்தரில், பழங்குடி மக்கள் தெய்வமாகவே நினைத்த முன்னாள் மன்னர் பிரவீர் சந்திர பஞ்ச் தேவ் தன் ஜக்தல்பூர் அரண்மனையிலேயே போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

இன்றைய மிசோரமான மிசோ மலையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவும் பசியில் தொடங்கியதுதான். அங்கே மூங்கில் சுமார் 48 வருடத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். மௌத்தம் என்று பெயர். பூத்துக் காய்த்த மூங்கில் அரிசியைத் தின்று எலிகள் ஆயிரமாய்ப் பல்கும், அது தீர்ந்ததும் வயலில் இறங்கும், களஞ்சியத்தில் இறங்கும். 1959-இல் அப்படி நடந்தது. மிசோ பெரியவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், அப்போது அந்த மலைகளை ஆண்ட அசாம் அரசிடம் சொல்லியும் பார்த்தார்கள். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள் அதிகாரிகள். பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்காக லால்டெங்கா முன்னின்று நடத்திய பஞ்ச நிவாரண அமைப்புதான் 1961-இல் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியானது. 1966 பிப்ரவரி 28 இரவு அவர்கள் அரசு நிலைகளைத் தாக்கினார்கள். மார்ச் 1 அன்று தனிநாடு என்று அறிவித்தார்கள். மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை ஐஸ்வால் நகரத்தின்மீது தாக்குதல் நடத்தியது. சொந்தக் குடிமக்கள் வாழும் ஊரின்மீது விமானப்படையை ஏவிய சம்பவம் அது ஒன்றுதான். 20 வருடம் கழித்து 1986-இல் ஒப்பந்தம் ஆனது, அதே லால்டெங்கா முதலமைச்சரானார். எலிகளைப் பற்றிச் சொன்னதை அன்றைக்கே யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் என்ற எண்ணம் வராமல் இதைப் படிக்க முடியாது.

ரூபாய்க் கதை ஜூனில். 1949 முதல் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. 1966 ஜூன் 6 முதல் 7 ரூபாய் 50 காசு. எளிதாகச் சொன்னால், 100 டாலர் இயந்திரத்தை நேற்றுவரை 476 ரூபாய்க்கு இறக்கியவர் இன்றைக்கு 750 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஏன் செய்தார்கள்? போரில் கையிருப்பு கரைந்துவிட்டது, போரோடு அமெரிக்கா உதவியையும் நிறுத்திவிட்டது, மறுபடி உதவி வேண்டுமென்றால் ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள் என்று உலக வங்கி நெருக்கியது. குறைத்தால் வருடத்துக்கு 90 கோடி டாலர் என்று பேச்சு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி இதற்கு இடம் கொடுக்காமல் இருந்தவர், அவர் 1965 டிசம்பர் 31 அன்றே நிதி அமைச்சர் பதவியை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்த சச்சீந்திர சௌத்ரி அறிவிப்பை வெளியிட்டார்.

மதிப்பைக் குறைத்தால் நம் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி ஏறும் என்பது பாடம். ஆனால் ஏற்ற சரக்கு வேண்டுமே? வறட்சியில் சணல், எண்ணெய்வித்து எல்லாம் படுத்துக்கிடந்தன. போதாததற்குச் சணல், தேயிலை மாதிரியான பழைய சரக்குகளுக்கு ஏற்றுமதி வரி போட்டு, முன்பிருந்த மானியத்தையும் எடுத்தார்கள், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதை. விலைவாசி ஏறியது. சொன்ன டாலர் முதல் வருடத்துக்குப் பிறகு சுருங்கிவிட்டது. பொருளாதாரம் படித்தவர்களில் சிலர் செய்தது சரி, நேரம்தான் தப்பு என்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். அரசியல் ரீதியாகப் பார்த்தால் எந்த நேரத்திலும் அது தப்பாகத்தான் முடிந்திருக்கும். தன்னைக் கேட்காமல் செய்தார்கள் என்று காமராஜுக்குக் கடுங்கோபம். தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும்போது யாராவது இப்படிச் செய்வார்களா என்பது ஒரு கட்சிக்காரரின் நியாயமான கேள்வி. அவருக்கும் இந்திராவுக்கும் இடையில் விழுந்த முதல் விரிசல் இதுதான். நான்காவது ஐந்தாண்டுத் திட்டத்தையும் தள்ளிப்போட்டார்கள், மூன்று வருடம் திட்ட விடுமுறை.

இதில் ஒரு கிளைக்கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். அப்போது துபாயிலும் கத்தாரிலும் கடைத்தெருவில் புழங்கிய பணம் நம் ரூபாய்தான். வளைகுடாவுக்கென்று 1959 முதல் ரிசர்வ் வங்கியே வேறு நிறத்தில் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. ஜூன் 6 அன்று டெல்லியில் யாரோ போட்ட கையெழுத்தில் துபாய் வியாபாரியின் பெட்டியில் இருந்த பணம் கரைந்துபோனது. சும்மா இருப்பார்களா? ரூபாயை விட்டுவிட்டு கத்தாரும் துபாயும் சேர்ந்து தங்களுக்கென்று ரியால் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அங்கிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்து இங்கே எத்தனை குடும்பம் இருக்கிறது என்று யோசித்தால் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

அதே ஜூனில், 19-ஆம் தேதி பம்பாயில் பால் தாக்கரே என்ற கேலிச்சித்திரக்காரர் சிவசேனாவைத் தொடங்கினார். 1960 முதல் நடத்திவந்த மார்மிக் என்ற வாரப் பத்திரிகையில், எந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியப் பெயர் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர். வேலை இல்லை, விலைவாசி ஏறுகிறது, அப்போது யாரையாவது கைகாட்ட வேண்டும், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிப்போன நம்மாட்கள்தான் வாகாகக் கிடைத்தார்கள். அக்டோபர் 30, தசரா முடிந்த கையோடு சிவாஜி பார்க்கில் நடந்த முதல் கூட்டத்துக்குப் பெருங்கூட்டம். மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்த தமிழர்கள் அதற்கப்புறம் பல வருடம் இதன் சூட்டை அனுபவித்தார்கள்.

நவம்பர் டெல்லிக்குக் கெட்ட மாதம். 7-ஆம் தேதி, பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு சாதுக்களின் பெரும் ஊர்வலம் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டது. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கடைசியில் துப்பாக்கிச்சூடு. எத்தனை பேர் செத்தார்கள் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி ஜந்தர் மந்தர் சாலையில் காமராஜ் இருந்த வீட்டுக்குப் போய்த் தீ வைத்தது. உள்ளே இருந்த அவர் தப்பியது அதிர்ஷ்டம். விருதுநகரிலிருந்து போன மனிதரை டெல்லியில் எரிக்கப் பார்த்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் வெகுகாலம் மேடையில் பேசப்பட்டது. உள்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த நந்தா பதவி இழந்தார், ஒய்.பி. சவான் வந்தார்.

ஒரே இருட்டாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்த வருடம் ஜனங்கள் பேப்பரைத் திறந்து சந்தோஷப்பட்ட நாட்களும் இருந்தன. கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென் ஏப்ரலில் தலைமன்னாரில் தண்ணீரில் இறங்கி, 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி, தனுஷ்கோடியில் கரையேறினார். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்து மணல்மேடாகக் கிடந்த தனுஷ்கோடி. அதோடு நிற்காமல் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், அக்டோபர் கடைசியில் பனாமா கால்வாய் என்று ஒரே வருடத்தில் முடித்தார். அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பாடல், ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பாடல், இரண்டும் அந்தக் கச்சேரியில் இருந்தன. (அதே ராஜாஜி அதே சமயத்தில் காங்கிரஸைக் கவிழ்க்க அண்ணாவோடு கூட்டணி பேசிக்கொண்டிருந்தார், எண்பது வயதுக்கு மேல்!)

நவம்பர் 17 அன்று லண்டனில் பம்பாய் மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா உலக அழகிப் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து முதல் ஆள். பட்டத்தோடு அவரை வியட்நாமுக்கு, அமெரிக்கச் சிப்பாய்களை மகிழ்விக்க பாப் ஹோப் குழுவோடு அழைத்துப்போனார்கள், டெல்லியில் முகம் சுளித்தார்கள். வருடம் முடிந்ததும் அவர் கிரீடத்தை வைத்துவிட்டுப் படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். டிசம்பரில் பாங்காக் ஆசியப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று ஆசிய ஹாக்கித் தங்கத்தை இந்தியா முதல்முறையாக எடுத்தது. கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைக்காக பிரேசிலின் தாமஸ் கோக்கோடு ஆடிய ராமநாதன் கிருஷ்ணன், நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, பாதிக் கூட்டம் எழுந்து போக ஆரம்பித்த நிலையில் திரும்பி வந்து ஜெயித்தார். அந்த வெற்றி இந்தியாவை முதல்முறையாக இறுதிக்குக் கொண்டுபோனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம், ஆனால் இரட்டையரில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியைச் சாய்த்தது சாதாரணம் இல்லை.

இப்போது விதைக்கு வருகிறேன். இந்த வருடத்தின் மிகப் பெரிய செய்தி என்று நான் நினைப்பது அன்றைக்குத் தலைப்புச் செய்தி ஆகவில்லை. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கப்பலில் வந்து இறங்கியது.

உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம், சுருக்கமாக சி.எஸ். 1964-இல் சாஸ்திரி அந்தத் துறையைக் கொடுத்தபோது அதை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை, அது தோற்பதற்கென்றே இருந்த நாற்காலி. டெல்லி பூசாவில் இருந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் கொஞ்ச நாளாகவே மெக்சிகோ குட்டைக் கோதுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1963-லேயே அந்த ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக்கை இங்கே வரவழைத்து வயல்களைச் சுற்றிக்காட்டியாயிற்று. குட்டை ரகத்தில் என்ன விசேஷம்? நம் பழைய கோதுமை ஆளுயரம் வளரும். தண்ணீரும் உரமும் கூடுதலாகக் கொடுத்தால் கதிர் கனத்துவிடும், தாள் தாங்காது, அப்படியே சாய்ந்துவிடும். உரம் போட்டால் விளைச்சல் கூடுவதற்குப் பதில் குறையும். குட்டைத் தாள் எவ்வளவு கதிரையும் தாங்கி நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அதற்கு உரம் வேண்டும், உரத்துக்கு டாலர் வேண்டும், விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் வேண்டும். அதற்காகத்தான் 1965 தொடக்கத்திலேயே விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. நிதித்துறை டாலரைத் தரத் தயங்கியது, திட்டக்குழுவில் கேள்வி கேட்டார்கள், இடதுசாரிகள் அமெரிக்க உரக் கம்பெனிக்குக் கதவைத் திறக்கிறாய் என்றார்கள். சி.எஸ். தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுதுவிட்டு அங்கே கோதுமை விதைத்தார். வருகிற எம்.பி.க்களும் அதிகாரிகளும் முட்டி உயரத்தில் நிற்கும் அந்தப் பயிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

நவம்பர் 1 அன்று பஞ்சாப் மொழிவாரியாகப் பிரிந்து ஹரியானா பிறந்தது, மலைப்பகுதி இமாச்சலுக்குப் போனது, சண்டிகர் யாருக்கு என்ற சண்டை தீராமல் மத்திய அரசின் கைக்கு வந்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வடக்கே கோதுமை விதைக்கும் மாதமும் நவம்பர்தான். புது மாநிலங்கள் கணக்கைத் தொடங்கிய அதே வாரங்களில் மெக்சிகோ விதை அந்த மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. வந்த கோதுமை சிவப்பு நிறம், சப்பாத்தி பார்க்க நன்றாக இல்லை என்ற புகார் எழுந்தது, மெக்சிகோவிலிருந்து வந்த கலப்பு வரிசைகளில் பொறுக்கியெடுத்து கல்யாண் சோனா, சோனாலிகா என்று நம் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரிசிக்கும் அதே நவம்பரில் பிலிப்பைன்ஸில் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகம் வெளியானது. சாப்பிட ருசி மட்டம் என்று வீட்டுக்கு வீடு குறை சொல்லிக்கொண்டே விதைத்தார்கள். விளைச்சலைப் பார்த்த பூரிப்பில் பிறந்த பிள்ளைக்கு ஐ.ஆர். எட்டு என்றே பெயர் வைத்த வட ஆற்காடு விவசாயி ஒருவர் உண்டு. பஞ்சாபின் நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் பின்னால் நேர்ந்தது தனிக்கதை, அதையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். 1966-இல் நின்றுகொண்டு பார்த்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் விதைத்ததற்கும் அறுப்பதற்கும் நடுவில் தேர்தல் வந்துவிட்டது. முதலமைச்சர் பக்தவத்சலத்தையும் காமராஜையும் கேட்டுத் தமிழ்நாட்டுத் தெருக்களில் பிள்ளைகள்கூடப் பாடிக்கொண்டு போனது, 'காமராஜ் அண்ணாச்சி, கடலைப் பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?' இந்தி, மாணவர் போராட்டம் எல்லாம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னது ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பதை, மேலே சொன்ன கப்பல்களை மறந்துவிட்டு விளக்க முடியாது. 1967 பிப்ரவரியில் காமராஜ் விருதுநகரில் ஒரு கல்லூரி மாணவர் தலைவரிடம் தோற்றார். கோபிச்செட்டிபாளையத்தில் சி. சுப்பிரமணியமும் தோற்றார்.

1968 வசந்தத்தில் வடக்கே கோதுமை மலைபோல் குவிந்தது. கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டை அடுக்கினார்கள். ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டார், பூசா நூலகக் கட்டடமும் கதிர்களும் போட்டு. அந்தத் தபால்தலை வந்த அன்று சி.எஸ். அமைச்சர் இல்லை, எம்.பி.கூட இல்லை.